டார்பா ப்ரோக்ராம்ல பிஎச்டி பண்ணலாமா? தோத்துப் போகும்னு தெரிஞ்சே அரசாங்கம் ஏன் காசு போடுது?

படிகப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவுல பிஎச்டி ரெண்டாவது வருஷம், அலுமினியம் நைட்ரைடுல டிரான்சிஸ்டர் செய்யறதுதான் என் வேலை. எங்க கைடு ஒரு டார்பா (அமெரிக்க பாதுகாப்புத் துறையோட ஆராய்ச்சி ஏஜென்சி) ப்ரோக்ராம்ல பெரிய டிஃபென்ஸ் கம்பெனி ஒண்ணுக்கு கீழ சப்கான்ட்ராக்ட்ல இருக்கார், அடுத்த செமஸ்டர்லேர்ந்து என் ஸ்டைபண்டும் அதுலேர்ந்துதான் வரும்னு போன வாரம் சொன்னார். சந்தோஷமாதான் இருந்துச்சு. அப்புறம் மைல்ஸ்டோன் டேபிளை காமிச்சார், முதல் ஃபேஸ் முடியறதுக்குள்ள வந்தாகணும்னு போட்டிருக்கிற கரண்ட் டென்சிட்டி இப்ப எங்க லேப்ல வர்றதை விட பல மடங்கு ஜாஸ்தி. எங்களுக்கு டோப்பிங்கே (கரண்ட் ஓட வேற அணுவை கலக்கறது) சரியா பிடிக்க மாட்டேங்குது, கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் (மெட்டல் படிகத்தை தொடற இடத்துல வர்ற தடை) அதை விட மோசம்.

என் சந்தேகம் இதுதான். இந்த மாதிரி டிஃபென்ஸ் சிப் ஆராய்ச்சில பாதிக்கு மேல நினைச்ச இடத்துக்கு போகாதுன்னு காசு கொடுக்கிறவங்களுக்கே தெரியும், ரிஸ்க் ஜாஸ்தின்னு அவங்களே எழுதுறாங்க, மக்கள் வரிப்பணத்தை தெரிஞ்சே இப்படி போடுறது எப்படி நியாயம் ஆகுது? இன்னொண்ணு, நம்பர் வரலைன்னா அடுத்த ஃபேஸ் கிடையாது, அப்ப என் கதி என்ன? எனக்கு தெரிஞ்ச ஒரு சீனியருக்கு இப்படி மூணாவது வருஷம் நடுவுல பணம் நின்னு போச்சு, கைடும் கைவிரிச்சுட்டார், டாபிக் மாத்தி முடிக்க ஏழு வருஷம் ஆச்சு. அவர் முகம்தான் ராத்திரி ஞாபகம் வருது. நான் எஃப்-1 மாணவர் விசாவுல இருக்கேன், அதனாலயும் ஏதாவது சிக்கல் வருமா?

பழையலேஅவுட்:

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்றேன், மத்ததுக்கு அனுபவப்பட்டவங்க வருவாங்க. நான் 30 வருஷமா சிப் லேஅவுட்ல இருக்கேன், நான் இந்த வேலைக்கு வந்ததே இந்த மாதிரி பணத்தாலதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

1957 அக்டோபர்ல ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும் அமெரிக்காவுக்கு பெரிய அதிர்ச்சி, அடுத்த பிப்ரவரியிலேயே இந்த ஏஜென்சியை ஆரம்பிச்சாங்க (அப்ப பேரு ஆர்பா, 1972-லதான் முன்னால டி சேர்ந்தது). ராணுவம், கப்பற்படை, விமானப்படைன்னு ஒவ்வொருத்தரும் நாளைக்கு தேவையானதை மட்டும் பார்க்கறாங்க, பத்து இருபது வருஷம் கழிச்சு வரப்போறதை பார்க்க ஒருத்தர் வேணும், அதுக்குன்னு வந்ததுதான் இது. கவனிச்சீங்கன்னா வேலை உறுதியா முடியும்னு தெரிஞ்சா அது இவங்க வேலையே இல்ல, அதை கம்பெனிக்காரனே பண்ணிப்பான்.

சிப் விஷயத்துல நான் எப்பவும் சொல்றது மோசிஸ். 1970கள்ல ஒரு ப்ரொஃபசர் மனசுல ஒரு நல்ல சிப் டிசைன் இருந்தா அதை செஞ்சு பார்க்க வழியே கிடையாது, சொந்தமா ஃபேப் (சிப் தொழிற்சாலை) இருக்கிற பெரிய கம்பெனில வேலை பார்த்தாதான் உண்டு. கால்டெக்ல கார்வர் மீட், ஜெராக்ஸ் பார்க்ல லின் கான்வே, இவங்க ரெண்டு பேரும் டிசைன் ரூலை எல்லாருக்கும் புரியற மாதிரி சுருக்கினாங்க, 1979-ல பல காலேஜ் பசங்களோட டிசைனை ஆர்பாநெட் (இன்டர்நெட்டுக்கு முன்னோடி) வழியா வாங்கி ஒரே வேஃபர்ல (சிப் செய்யற சிலிக்கான் வட்டு) பக்கத்துல பக்கத்துல போட்டு செஞ்சு கொடுத்தாங்க. மாஸ்க் (டிசைனை வேஃபர்ல பதிக்கற அச்சு) செலவு அத்தனை பேருக்கும் பங்கு பிரிஞ்சுடுச்சு. 1981-ல டார்பா பணத்துல இதையே நிரந்தர சேவையா தெற்கு கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட ஐ.எஸ்.ஐ-ங்கற ஆராய்ச்சி நிலையத்துல ஆரம்பிச்சாங்க, அதுதான் மோசிஸ். பெர்க்லியோட ரிஸ்க் (RISC) ப்ராசசர், ஸ்டான்ஃபோர்டோட மிப்ஸ் ப்ராசசர் எல்லாம் இந்த டார்பா வி.எல்.எஸ்.ஐ (சிப் டிசைன்) பணம் ஓடின காலத்துல வந்ததுதான். அன்னைக்கு அந்த வேஃபர்ல இருந்த டிசைன்ல பலது வேலையே செஞ்சிருக்காது, ஆனா அதை போட்ட பசங்க அத்தனை பேரும் சிப் செய்யத் தெரிஞ்சவங்களா வெளிய வந்தாங்க, எனக்கு முதல் வேலை கொடுத்த மேனேஜர் அப்படி வந்தவர்தான்.

இன்னொண்ணு ஃபின்ஃபெட்ங்கற டிரான்சிஸ்டர். 90கள் நடுவுல டிரான்சிஸ்டரை 100 நானோமீட்டருக்கு கீழ கொண்டு போனா லீக்கேஜ்ல செத்துடும்னுதான் பேச்சு. அப்ப டார்பா 25 நானோமீட்டர் டிரான்சிஸ்டருக்கு ஐடியா கொடுங்கன்னு கேட்டுச்சு, பெர்க்லில சென்மிங் ஹூ குழு சேனலை (கரண்ட் ஓடற பாதை) துடுப்பு மாதிரி செங்குத்தா நிறுத்தி கேட்டை (கரண்டை திறந்து மூடற முனை) சுத்தி போட்டாங்க. 90கள் கடைசியிலேயே செஞ்சு காமிச்சாச்சு. ஆனா இன்டெல் அதை ஃபேக்டரில கொண்டு வர்றோம்னு சொன்னது 2011-ல. நடுவுல 2003-ல யாராவது வந்து போட்ட பணம் என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தா காமிக்கறதுக்கு சில பேப்பர்தான் இருந்திருக்கும். இன்னைக்கு உன் பாக்கெட்ல இருக்கிற போன்ல கோடிக்கணக்குல இருக்கு.

பட்ஜெட்வாசகி:

லேஅவுட் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஜெயிச்ச கதையை மட்டும் எடுத்து வரிசையா அடுக்கினா எந்த செலவும் நியாயமாதான் தெரியும். நான் ஒரு பாலிசி குரூப்ல இந்த பட்ஜெட் டாக்குமென்ட்டுகளை படிக்கற வேலை பார்க்கறேன், அந்தப் பக்கத்தையும் சொல்லிடறேன்.

1980-ல பென்டகன் வி.எச்.எஸ்.ஐ.சி-ன்னு ஒரு ப்ரோக்ராம் ஆரம்பிச்சது. (இது டார்பா இல்ல, முப்படைக்கும் சேர்த்து நடத்தினது.) ராணுவத்துக்குன்னு தனியா வேகமான சிப் பண்ணப் போறோம்னு பத்து வருஷம் நடந்துச்சு, அதுக்குள்ள கடையில விக்கற சாதாரண சிப் அதை தாண்டிப் போயிடுச்சு. வெப்பன் சிஸ்டத்துல போய் சேர்ந்தது எதிர்பார்த்ததை விட ரொம்ப கம்மி. 1983-ல டார்பா ஸ்ட்ராட்டஜிக் கம்ப்யூட்டிங்னு ஆரம்பிச்சது, தானா ஓடற வண்டி, பைலட்டுக்கு உதவற கம்ப்யூட்டர்னு பெரிய பேச்சு, அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த வண்டியால ரோட்டையும் நிழலையும் பிரிச்சுப் பார்க்கவே கஷ்டம். அதையும் சத்தமில்லாம சுருக்கினாங்க.

என் வருத்தம் தோல்வியில இல்ல. ஜெயிச்ச ஆராய்ச்சியும் ஆயுதம் வரைக்கும் போய் சேராம நடுவுல செத்துப் போறதுதான் என்னை உறுத்துது. 1960கள் ஆரம்பத்துல ஐ.சி வாங்கினதே மினிட்மேன் ஏவுகணையும் அப்போலோவும்தான், அரசாங்கம்தான் மார்க்கெட். இன்னைக்கு மொத்த சிப் வியாபாரத்துல பென்டகன் பங்கு ரெண்டு சதவீதம் கூட தேறாது. லேப்ல பிரமாதமா ஒண்ணு பண்ணிட்டு இதுல வருஷத்துக்கு சில ஆயிரம் சிப் செஞ்சு கொடுங்கன்னு பெரிய ஃபவுண்ட்ரிகிட்ட (மத்தவங்களுக்கு சிப் செஞ்சு கொடுக்கற கம்பெனி) போனா அவன் எதுக்கு லைனை நிறுத்தி செட்டப் மாத்துவான்? 2004-ல ஐ.பி.எம் ஃபேப்பை நம்பித்தான் டிரஸ்டட் ஃபவுண்ட்ரின்னு (ராணுவ சிப்பை நம்பி செய்யக் கொடுக்கற இடம்) ஏற்பாடு பண்ணினாங்க, 2015-ல ஐ.பி.எம் அந்த ஃபேப்பையே குளோபல்ஃபவுண்ட்ரீஸ்கிட்ட கொடுத்துட்டு போயிடுச்சு, அந்த கம்பெனியோட முதலாளி அப்ப அபுதாபி அரசாங்க ஃபண்டு. இத்தனை வருஷம் போட்ட நம்பிக்கை ஒரு வியாபார முடிவுல ஆடிப் போச்சு.

2022 சிப்ஸ் சட்டத்துல 52.7 பில்லியன் டாலர்னு பேப்பர்ல பெருசா வந்துச்சு இல்லையா, அதுல பெரும்பகுதி, 39 பில்லியன், ஃபேப் கட்டறதுக்கான ஊக்கத்தொகை. டிஃபென்ஸுக்குன்னு தனியா ஒதுக்கினது 2 பில்லியன், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் காமன்ஸ்னு பேரு, லேபுக்கும் ஃபேபுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை தூர்க்கறதுதான் வேலை, 2023 செப்டம்பர்ல எட்டு ஹப் அறிவிச்சு 238 மில்லியன் கொடுத்தாங்க. சரியான நோக்கம், நான் மனசார வரவேற்கறேன், ஆனா பள்ளத்தோட ஆழத்துக்கு இது போதாதுன்னுதான் எனக்கு தோணுது. புதுசு புதுசா ஐடியாவுக்கு பணம் போடறதுல காமிக்கற ஆர்வத்துல பாதியாவது முடிஞ்ச ஐடியாவை கரை சேர்க்கறதுல காமிக்கணும்.

பழையலேஅவுட்:

@பட்ஜெட்வாசகி மேடம், பள்ளம் பத்தி சொன்னதை முழுசா ஒத்துக்கறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கங்க. வி.எச்.எஸ்.ஐ.சி-ல அத்தனை கம்பெனி செஞ்ச சிப்புக்கும் ஒரே மாதிரி டாக்குமென்ட் வேணும்னு ஒரு மொழி உண்டாக்கினாங்க, அதுதான் வி.எச்.டி.எல், 1987-ல ஐட்ரிபிள்ஈ ஸ்டாண்டர்ட் ஆச்சு. அதுல முதல் எழுத்து வி-ங்கறதே அந்த ப்ரோக்ராம் பேர்தான். சிப்பு பழசாகி எங்கயோ போயிடுச்சு, அந்த மொழியை இன்னைக்கும் எஃப்.பி.ஜி.ஏ (பின்னாடி மாத்தி அமைச்சுக்கற சிப்) பண்றவங்க தினம் எழுதறாங்க. அப்ப அந்த ப்ரோக்ராமை தோல்வின்னு எழுதறதா வெற்றின்னு எழுதறதா? நான் தோல்வின்னு எழுத மாட்டேன்.

பட்ஜெட்வாசகி:

நான் தோல்வின்னுதான் எழுதுவேன் சார், ஏன்னா அவங்க கேட்டது சிப்பு. மொழி நல்ல விளைவு, மறுக்கல. ஆனா எதையாவது தேடிப் போய் வேற ஏதோ கிடைச்சதை எல்லாம் வரவு வெச்சா கணக்கு கேட்கவே முடியாது. அடுத்த தடவை அமெரிக்க காங்கிரஸ்ல (அவங்க பார்லிமென்ட்) எவராவது நேரா கேட்டா இந்த பதில் நிக்காது, அப்புறம் நல்ல ப்ரோக்ராமுக்கும் சேர்த்து வெட்டு விழும். அந்த பயத்துலதான் சொல்றேன்.

ஆர்எஃப்மணி:

இப்பதான் பார்த்தேன். தம்பி, நான் கேலியம் நைட்ரைடு பவர் ஆம்ப்ளிஃபையர்ல இருக்கேன், மூணு ப்ரோக்ராம்ல பெர்ஃபார்மர் (பணம் வாங்கி வேலை செய்யற டீம்) பக்கம் இருந்திருக்கேன், அதுல ஒண்ணு நடுவுல நின்னது. உன் ரெண்டாவது கேள்விதான் முக்கியம்னு நினைக்கறேன்.

முதல்ல உள்ள எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க. டார்பால மொத்தம் நூறு ப்ரோக்ராம் மேனேஜர் அளவுலதான் இருப்பாங்க, வருஷ பட்ஜெட் நாலு பில்லியன் டாலர் சுமாரு. ஒவ்வொரு மேனேஜரும் மூணுலேர்ந்து அஞ்சு வருஷம்தான் இருப்பார், அப்புறம் போயிடணும். அதனால அவருக்கு அவசரம், உனக்கு இருக்கிற மாதிரியே. சொந்தமா லேப் எதுவும் கிடையாது, கம்பெனியும் யூனிவர்சிட்டியும்தான் வேலை செய்யணும். ப்ரோக்ராம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவரே சில கேள்விக்கு பதில் சொல்லி டைரக்டர்கிட்ட பாஸ் ஆகணும், 70கள்ல டைரக்டரா இருந்த ஜார்ஜ் ஹைல்மையர் கேட்ட கேள்விங்க அது. என்ன பண்ணப் போற, வார்த்தை ஜாலம் இல்லாம சொல்லு. இன்னைக்கு அதை எப்படி பண்றாங்க, எங்க முட்டி நிக்குது? உன்கிட்ட புதுசா என்ன இருக்கு? வந்தா யாருக்கு லாபம்? ரிஸ்க் என்ன, எவ்வளவு செலவு, எத்தனை நாள்? பாதி வழியில சரியா போறோமான்னு எந்த பரீட்சை வெச்சு பார்ப்ப? உன் கைடு காமிச்ச மைல்ஸ்டோன் டேபிள் இந்த கடைசி கேள்வியோட பதில்தான்.

அந்த நம்பரை வேணும்னேதான் எட்டாத உயரத்துல வைப்பாங்க. எல்லா டீமும் எட்டினா நம்பர் ஈஸியா வெச்சுட்டோம்னு அர்த்தம். ஆனா ஒரு டீம் 70 சதவீதம் வந்து ஏன் மீதி வரலைன்னு இயற்பியலோட விளக்கினா அதுக்கு மதிப்பு உண்டு, நான் நேர்ல பார்த்திருக்கேன். நம்பரும் வரல காரணமும் தெரியலன்னா அங்கதான் கதவு மூடும்.

எங்க கேலியம் நைட்ரைடு கதையே எடுத்துக்க. 2002 வாக்குல டார்பா வைட் பேண்ட்கேப் ஆர்.எஃப் ப்ரோக்ராம் ஆரம்பிச்சப்ப டிரான்சிஸ்டர் டி.சி-ல அருமையா கரண்ட் கொடுக்கும், ஆர்.எஃப் சிக்னல் போட்டதும் அப்படியே படுத்துடும், கரண்ட் கொலாப்ஸ்னு பேரு, மேற்பரப்புல இருக்கிற ட்ராப் (படிகத்துல உள்ள குறை) எலெக்ட்ரானை புடிச்சு வெச்சுக்கும். சில மணி நேரம் ஓட்டினா பவர் இறங்கிடும். அவங்க பண்ணின புத்திசாலித்தனம் என்னன்னா முதல் ஃபேஸ்ல டிவைஸை கேட்கவே இல்ல, சிலிக்கான் கார்பைடு சப்ஸ்ட்ரேட்டும் (அடித்தட்டு) மேல வளர்க்கற எபி லேயரும் (மெல்லிய படிகப் படலம்) நல்லா வரட்டும்னாங்க. ரெண்டாவது ஃபேஸ்ல டிவைஸும் அதோட ஆயுசும். அப்புறம்தான் முழு சர்க்யூட். சிலிக்கான் நைட்ரைடு பூச்சு, ஃபீல்ட் ப்ளேட் (மின்புலத்தை பரப்பி விடற மெட்டல் தகடு), இப்படி ஒவ்வொண்ணா சேர்ந்துதான் அந்த வியாதி அடங்குச்சு. அந்த வழியில வந்த டெக்னாலஜிதான் இன்னைக்கு கப்பற்படையோட ஸ்பை-6 ரேடார்ல இருக்கு, அதை வெச்ச முதல் கப்பல் ஜாக் எச். லூகாஸ் 2023 அக்டோபர்லதான் படையில சேர்ந்தது. 2002-லேர்ந்து எண்ணிக்க, 21 வருஷம். செல்போன் டவர்லயும் இதே கேலியம் நைட்ரைடுதான் இப்ப. எங்களுக்கு முன்னாடி கேலியம் ஆர்சனைடும் இதே பாதைதான், சிலிக்கானை கம்ப்யூட்டர்லேர்ந்து விரட்டப் போகுதுன்னு சொன்னாங்க, அது நடக்கல, ஆனா 80கள் கடைசில மிமிக்னு டார்பா நடத்தின ப்ரோக்ராம்ல ரேடாருக்காக மைக்ரோவேவ் சிப் செய்யக் கத்துக்கிட்டாங்க, பின்னாடி செல்போன் பவர் ஆம்ப்ளிஃபையர் வந்தப்ப அந்த கைவேலை தெரிஞ்ச ஆளுங்க தயாரா இருந்தாங்க.

இப்ப உனக்கு. உன் தீசிஸ் அந்த மைல்ஸ்டோன் நம்பர்ல தொங்கக் கூடாது. அலுமினியம் நைட்ரைடோட பேண்ட்கேப் (எலெக்ட்ரானை விடுவிக்க வேண்டிய சக்தி) 6 எலெக்ட்ரான் வோல்ட், சிலிக்கான் 1.1 தான், அதனாலதான் இவ்வளவு ஆசை, அதனாலதான் டோப்பிங்கும் கான்டாக்டும் இவ்வளவு கஷ்டம். சிலிக்கான் டோனர் (எலெக்ட்ரான் கொடுக்க கலக்கற அணு) ஏன் அதுல ஆழமா போய் உக்காந்துக்குது, கான்டாக்ட் ஏன் ஓமிக் (ரெண்டு பக்கமும் தடையில்லாம கரண்ட் விடறது) ஆக மாட்டேங்குது, இது ரெண்டும் ப்ரோக்ராம் செத்தாலும் சாகாத கேள்விங்க. அதை உன் சாப்டரா வெச்சுக்க, நம்பர் கம்பெனிக்காரங்களோட பிரச்சனையா இருக்கட்டும். அப்புறம் கைடுகிட்ட கூச்சப்படாம மூணு விஷயம் கேளு. முதல் ஃபேஸ் எந்த மாசம் முடியுது? நின்னா எத்தனை செமஸ்டர் டி.ஏ (டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை) போட்டு தாங்குவீங்க? மேனேஜர் எப்ப வந்தவர், எப்ப போறார்? புது ஆள் வந்தா முன்னாடி இருந்தவரோட ப்ரோக்ராம் மேல அதே பாசம் இருக்காது, எங்களோடது நின்னதே அப்படித்தான். நல்ல கைடுன்னா இதையெல்லாம் கேட்டதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

கேள்விக்குறி:

யாரும் கேட்காததை கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சி, செல்போன், டவர் எல்லாம் சரி, ஆனா கடைசில இது ரேடாருக்கும் ஏவுகணைக்கும் போற பணம். நான் மாஸ்டர்ஸ் பண்ணும்போது இந்த மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு, ரெண்டு மாசம் யோசிச்சு வேண்டாம்னு சொன்னேன், கொஞ்சம் பணக் கஷ்டமும் பட்டேன், இன்னைக்கும் அந்த முடிவு சரின்னுதான் நினைக்கறேன். தம்பி அவரோட மூணு கேள்வில இது இல்ல, ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து யோசிங்க, பின்னாடி யோசிச்சா வெளிய வர்றது கஷ்டம்.

ஆர்எஃப்மணி:

@கேள்விக்குறி தப்பா எடுத்துக்க எதுவும் இல்ல, நேர்மையான கேள்வி. நான் வேற முடிவு எடுத்தேன், வர்ற ஏவுகணையை கண்டுபிடிக்கற ரேடார்ல வேலை பார்க்கறதுல எனக்கு உறுத்தல் இல்ல, ஆனா அதே ஆம்ப்ளிஃபையர் வேற எங்க போகும்னு எனக்கும் தெரியும். அதை மறைச்சு பேச மாட்டேன். தம்பி, அவர் சொன்ன மாதிரி யோசிச்சுட்டே சேரு.

பட்ஜெட்வாசகி:

விசா கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. இதுல ஒரு பழைய விதி இருக்கு, 1985-ல அப்ப ஜனாதிபதியா இருந்த ரீகன் கையெழுத்து போட்ட என்.எஸ்.டி.டி-189-ங்கற உத்தரவு. வெளியிடற நோக்கத்தோட யூனிவர்சிட்டில நடக்கற அடிப்படை ஆராய்ச்சிக்கு, முடிஞ்ச வரைக்கும், கட்டுப்பாடு போடக் கூடாதுங்கறது அதோட சாரம். ரகசியமா இருக்கணும்னா முறையா கிளாசிஃபை பண்ணிடுங்கன்னுது. அதனால உங்க யூனிவர்சிட்டி பங்கு அடிப்படை ஆராய்ச்சின்னு கான்ட்ராக்ட்ல எழுதியிருந்தா எஃப்-1-ல இருக்கறவங்களும் தாராளமா வேலை பார்க்கலாம், பேப்பரும் போடலாம்.

சிக்கல் எங்கன்னா நீங்க சப்கான்ட்ராக்ட். மேல இருக்கிற கம்பெனியோட கான்ட்ராக்ட்ல தகவல் வெளியிட அனுமதி வாங்கணும்னு ஒரு ஷரத்து இருக்கும், அதை அவங்க அப்படியே கீழ தள்ளி விட்டா உங்க பேப்பரும் அனுமதிக்கு காத்திருக்கணும். கம்பெனிக்காரங்க எக்ஸ்போர்ட் கன்ட்ரோல்ல வர்ற டிராயிங்கோ ப்ராசஸ் ரெசிபியோ உங்களுக்கு அனுப்பினாலும் பிரச்சனைதான், ஐட்டார்ங்கற ஆயுத ஏற்றுமதி விதிப்படி க்ரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர்கிட்ட அமெரிக்காவுக்குள்ளயே காமிச்சாலும் அது ஏற்றுமதி செஞ்ச மாதிரி. எஃப்-1, எச்-1பி (வேலை விசா) ரெண்டுக்கும் இதேதான். உங்க யூனிவர்சிட்டில ஸ்பான்சர்ட் ரிசர்ச் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும், அங்க போய் உங்க பங்கு அடிப்படை ஆராய்ச்சின்னு எழுத்துல இருக்கான்னு கேளுங்க. கைடு வாயால சொல்றது போதாது.

படிகப்பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு எதிர்பார்க்கல. நேத்து கைடுகிட்ட போய் உக்காந்து பேசினேன். கோவிச்சுக்கல, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு மட்டும் கேட்டார். முதல் ஃபேஸ் முடிய இன்னும் 14 மாசம் இருக்கு, நின்னு போனா ரெண்டு செமஸ்டர் டி.ஏ உறுதின்னு சொன்னார், ஈமெயில்லயும் போடச் சொல்லி வாங்கிட்டேன். ரிசர்ச் ஆபீஸ்ல எங்க பங்கு அடிப்படை ஆராய்ச்சின்னு எழுத்துல இருக்குன்னு சொல்லிட்டாங்க, ஆனா பேப்பர் அனுப்பறதுக்கு 30 நாள் முன்னாடி கம்பெனிக்கு காமிக்கணும்னு இருக்காம், அது பரவால்ல. மேனேஜர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சாம்.

@கேள்விக்குறி நீங்க சொன்னதை ரெண்டு நாள் யோசிச்சேன், என் ரூம்மேட்கிட்டயும் பேசினேன். சேர்றதாதான் முடிவு, ஆனா லேசா எடுத்த முடிவு இல்ல.

மணி அண்ணா, தீசிஸ் கான்டாக்ட் மேல வெச்சுக்கலாம்னு கைடும் ஒத்துக்கிட்டார். சிலிக்கான் அணுவை உள்ள செலுத்தி (இம்ப்ளான்ட்) சூடுபடுத்தி (ஆனீல்) பண்ணலாம்னு நான் சொன்னேன், அவர் அதுக்கு பதிலா அலுமினியம் அளவை படிப்படியா குறைச்சுக்கிட்டே வர்ற மாதிரி மேல ஒரு கேலியம் கலந்த லேயர் வளர்த்துப் பாருன்னார். நீங்க எதை முதல்ல பண்ணுவீங்க?

ஆர்எஃப்மணி:

கைடு சொன்னதை முதல்ல பண்ணு. அலுமினியம் குறையக் குறைய டோனர் ஆழமா உக்கார்ற தொல்லையோட சண்டை போட வேண்டியது குறையும், ஆனா சாதாரணமா வளர்க்கற மெட்டல்-போலார் படிகத்துல இந்த சரிவால வர்ற போலரைசேஷன் (படிகத்துக்குள்ளயே இருக்கிற மின்னூட்டம்) எலெக்ட்ரானை விரட்டத்தான் பார்க்கும், அதை ஈடுகட்ட சிலிக்கானை கனமா டோப் பண்ணணும், மேல முடியற இடத்துல கேலியம் நைட்ரைடு பக்கம் வந்துட்டா கான்டாக்ட் மெட்டல் எங்களுக்கு பழகினதுதான். ஆனா சரிவு எவ்வளவு தடிமன்ல இருக்கணும்னு ஒரு நாலஞ்சு சாம்பிள் வளர்த்து டி.எல்.எம் (கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் அளக்கற முறை) எடுத்துப் பார்க்காம முடிவு பண்ணாத, ரொம்ப வேகமா மாத்தினா நடுவுல தடை மேடு நிக்கும். இம்ப்ளான்ட்டையும் விட்டுடாத, ஒரே ஒரு வேஃபரை அதுக்குன்னு ஒதுக்கி வை. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடு, வெளியிட அனுமதி வந்ததுக்கு அப்புறம்.